குடிநோய்க்கு வெளிநோயாளர் சிகிச்சை: பதினான்கு மாதங்களும் அதற்கு ஆன செலவும்

என் தம்பிக்கு வயது 36. நூற்பாலையில் ஷிப்ட் வேலை பார்க்கிறான். கடந்த பதினான்கு மாதங்களாக எங்கள் மாவட்டத்து அரசு மருத்துவமனையின் போதை மீட்பு வெளிநோயாளர் பிரிவில் அவனுக்குச் சிகிச்சை நடந்து வருகிறது. அதற்கு முன் ஏழு வாரங்கள் ஒரு தனியார் மனநல மையத்தில் காட்டினோம். இரண்டு இடங்களிலும் அவனோடு உட்கார்ந்திருந்தவள் நான். இரண்டுக்கும் பணம் எண்ணிக் கொடுத்தவளும் நான்தான். அந்த இரண்டு சேவைகளையும் ஒப்பிட்டு இதை எழுதுகிறேன். தம்பி படித்துப் பார்த்துச் சம்மதம் சொன்ன பிறகே இது வெளியே வருகிறது. எந்த இடத்தின் பெயரையும் குறிப்பிட்டுக் குறை சொல்வது என் நோக்கமில்லை என்பதால் இரண்டின் பெயரையும் விட்டுவிட்டேன்.

குடிக்குச் சிகிச்சை என்றாலே எங்காவது கொண்டுபோய் மூன்று மாதம் சேர்த்துவிடுவது என்றுதான் எங்கள் பக்கத்தில் பலரும் நினைக்கிறார்கள். நாங்களும் அப்படித்தான் நினைத்திருந்தோம். வேலை போய்விடும், ஊருக்குத் தெரிந்துவிடும், ஐம்பதாயிரம், ஒரு லட்சம் என்று கேட்பார்கள் என்ற மூன்று பயங்களில் நான்கு ஆண்டுகள் ஓடிவிட்டன. மத்திய சமூக நீதி அமைச்சகத்துக்காக எய்ம்ஸ் மருத்துவமனை நடத்தி 2019இல் வெளியான ஆய்வு, மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவர்தான் ஏதாவதொரு சிகிச்சையைப் பெறுகிறார் என்றும், 180 பேருக்கு ஒருவர்தான் உள்நோயாளியாகச் சேர்கிறார் என்றும் கூறுகிறது. மீதி 37 குடும்பங்களும் எங்களைப் போலவே பயந்துகொண்டு வீட்டுக்குள் இருந்திருக்கும் என்றே எனக்குத் தோன்றுகிறது. வீட்டிலிருந்தபடி, வேலைக்குப் போய்க்கொண்டே சிகிச்சை எடுக்க முடியும் என்பதை முன்பே யாராவது சொல்லியிருந்தால் அந்த நான்கு ஆண்டுகள் மிஞ்சியிருக்கும்.

எல்லோருக்கும் வெளிநோயாளர் சிகிச்சை பொருந்தாது. அரசு மருத்துவமனையில் முதல் நாள் மருத்துவர் செய்த முதல் வேலையே, வீட்டில் வைத்துப் பார்க்கலாமா, சேர்க்க வேண்டுமா என்று முடிவு செய்ததுதான். கடைசியாகக் குடித்தது எத்தனை மணிக்கு, குடியை நிறுத்திய நாட்களில் எப்போதாவது வலிப்பு வந்ததா, இல்லாத உருவமோ குரலோ தெரிந்ததா, தற்கொலை எண்ணம் உண்டா, மாத்திரையைக் கையில் எடுத்துக் கொடுக்க வீட்டில் ஆள் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். நீண்ட நாள் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளுக்கும் நான்காம் நாளுக்கும் இடையில் பிதற்றலும் நினைவுக் குழப்பமும் வரலாம். அது உயிருக்கே ஆபத்தானது. ஆகவே வீட்டிலேயே அறைக்குள் பூட்டிவைத்துக் குடியை நிறுத்திவிடலாம் என்று நினைப்பவர்கள், அந்த நினைப்பைத் தயவுசெய்து கைவிட வேண்டும். வலிப்பு ஒருமுறையாவது வந்தவராக இருந்தால் சேர்த்தே பார்க்க வேண்டும் என்று மருத்துவர் உறுதியாகச் சொன்னார். தம்பிக்கு வந்ததில்லை. கைநடுக்கம் இருந்தது. வெளியே கடையில் வாங்கிய டீயை ஒரு கையால் பிடிக்க முடியாமல், இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவே டம்ளரை வைத்து, தலையைக் குனிந்து அவன் குடித்ததை நான் அன்றைக்குத்தான் பக்கத்திலிருந்து பார்த்தேன்.

பிறகு குடி எந்த அளவுக்கு முற்றியிருக்கிறது என்று அளக்க, உலக சுகாதார நிறுவனம் வகுத்த 10 கேள்விகளைத் தமிழில் கேட்டு மதிப்பெண் போட்டார்கள். கல்லீரல் பரிசோதனைக்கு ரத்தம் எடுத்தார்கள். பி1 வைட்டமின் ஊசி போட்டார்கள். தொடர்ந்து குடிப்பவர்களின் உடலில் இந்தச் சத்து வற்றிப்போகும் என்றும், அதைக் கவனிக்காமல் விட்டால் நடை தடுமாறி, பார்வை கலங்கி, நினைவே தவறிப்போகக்கூடும் என்றும் செவிலியர் விளக்கினார். நடுக்கத்துக்கும் தூக்கமின்மைக்கும் குளோர்டயசெபாக்சைடு மாத்திரை. நாளுக்கு நாள் அளவைக் குறைத்து எட்டாம் நாள் நிறுத்த வேண்டும். எட்டு நாட்களுக்கும் மாத்திரையை மொத்தமாகக் கையில் தரவில்லை. இரண்டு நாட்களுக்கு உரியதை மட்டும் தந்து, மீண்டும் வரச் சொன்னார்கள். அலைச்சலாக இருக்கிறதே என்று நான் அப்போது சலித்துக்கொண்டேன். அந்த மாத்திரையே பழக்கமாகிவிடக் கூடாது என்பதற்காகவும், நேரில் பார்த்து நாடி, ரத்த அழுத்தம், நடுக்கம் ஆகியவற்றை அளப்பதற்காகவும் செய்த ஏற்பாடு அது என்று பின்னால் புரிந்தது.

தனியார் மையத்தைப் பற்றி நியாயமாகச் சொல்ல வேண்டும். அங்கே மாலை 6 மணிக்குப் பிறகும் மருத்துவர் இருந்தார். தனி அறையில், கதவைச் சாத்தி, ஒரு மணி நேரம் பொறுமையாகப் பேசினார்கள். பெயரைச் சொல்லி யாரும் கூவவில்லை. முதல்முறை வெட்கத்தோடு படியேறும் ஒரு மனிதனுக்கு இது சிறிய விஷயமில்லை. தம்பி வாய் திறந்து உண்மையான அளவைச் சொன்னது அந்த அறையில்தான். ஆனால் பணம் வாங்கிய முறை எங்களை உடைத்துவிட்டது. ஒவ்வொரு முறைக்கும் தனித்தனியாகக் கட்டினால் மருத்துவருக்கு 600, கவுன்சலிங்குக்கு 1,200 என்றும், 90 நாள் திட்டமாக எடுத்தால் எல்லாம் சேர்த்து 38,000 என்றும், முன்பணம் 20,000 போக மீதியைத் தவணையில் கட்டலாம் என்றும் சொன்னார்கள். முதல் சந்திப்பு முடிந்த அதே வேகத்தில், அழுத கண்ணோடு இருக்கும் குடும்பத்திடம் இந்தத் தாளை நீட்டுவது சரியான செயலில்லை. நாங்கள் 20,000 கட்டினோம். ஏழாவது வாரம் தம்பி மறுபடி குடித்துவிட்டான். குடித்துவிட்டால் திட்டம் முறிந்ததாகக் கணக்கு, புதிதாகத் தொடங்க வேண்டும் என்றார்கள். கட்டிய பணத்தில் மீதியைத் திருப்பித் தரவில்லை. மறுபடி குடிப்பது இந்த நோயின் போக்கிலேயே உள்ள ஒன்று. அது நடந்த நாளில்தான் நோயாளிக்கு மருத்துவர் அதிகமாகத் தேவைப்படுகிறார். அந்த நாளில் கதவை மூடும் திட்டத்துக்கு யாரும் முன்பணம் கட்ட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். ஒவ்வொரு முறைக்கும் அன்றன்றைய கட்டணத்தைக் கட்டிப் பார்த்துக்கொள்வது எவ்வளவோ மேல்.

அடுத்தது காப்பீடு. என் கணவரின் பெயரில் எடுத்த மருத்துவக் காப்பீட்டில் தம்பிக்கு இடமில்லை. அவன் தனக்கும் மனைவிக்கும் தனியாக ஒரு பாலிசி வைத்திருந்தான். 2018இல் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017, உடல்நோய்க்கு எந்த அடிப்படையில் காப்பீடு தரப்படுகிறதோ அதே அடிப்படையில் மனநோய்க்கும் தர வேண்டும் என்று 21ஆம் பிரிவில் சொல்கிறது. மது, போதைப்பொருள் பயன்பாட்டோடு தொடர்புடைய மனநிலைகளும் மனநோய் என்ற சொல்லின் வரையறைக்குள் வருகின்றன என்பதையும் அந்தச் சட்டமே கூறுகிறது. அதை நம்பித்தான் பாலிசியை எடுத்துப் படித்தேன். பின்பக்கத்தில் விலக்குகளின் பட்டியலில் 12ஆம் எண்ணில், குடிப்பழக்கம், போதைப் பழக்கம், அவற்றின் விளைவுகள் ஆகியவற்றுக்கான சிகிச்சைக்குப் பணம் தரப்படாது என்று இருந்தது. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2019இல் எல்லா நிறுவனங்களுக்கும் ஒரே வாசகமாக வகுத்துக் கொடுத்த விலக்கு இது. சட்டம் ஒரு கையால் கொடுத்ததை ஒழுங்குமுறை இன்னொரு கையால் எடுத்துக்கொள்வது எனக்கு மிகுந்த வேதனை தருகிறது. இந்த விலக்கு இல்லாவிட்டாலும், சாதாரண பாலிசிகள் 24 மணி நேரமாவது மருத்துவமனையில் சேர்ந்திருந்தால்தான் பணம் தரும். வெளிநோயாளர் செலவுக்கென்று கூடுதல் பிரீமியம் கட்டி எடுக்கும் பிரிவுகள் சில நிறுவனங்களில் உண்டு. எடுப்பதற்கு முன் அதிலும் அந்த 12ஆம் எண் ஒட்டிக்கொண்டு வருகிறதா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். மனச்சோர்வு, பதற்றம் போன்றவற்றுக்கு மட்டும் சிகிச்சை எடுப்பவர்கள் நிலைமை இதைவிட நல்லது. அவர்களுக்கு அந்த விலக்கு பொருந்தாது.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டையையும் கொண்டுபோய்க் காட்டினேன். அது பெரும்பாலும் சேர்ந்து எடுக்கும் சிகிச்சைகளுக்கானது, இங்கே ஓ.பி. சீட்டுக்கே பணம் இல்லையே, அட்டை எதற்கு என்று கவுன்ட்டரில் இருந்த அம்மா சிரித்த முகத்தோடு திருப்பிக் கொடுத்தார்.

எங்களுக்கு உண்மையில் கை கொடுத்தது தொழிலாளர்களுக்கான அரசுக் காப்பீடான ஈ.எஸ்.ஐ. மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை வாங்கும் தொழிலாளியிடம் 0.75 சதவீதம் பிடிக்கிறார்கள், முதலாளி 3.25 சதவீதம் கட்டுகிறார். இதில் வெளிநோயாளர் சிகிச்சையும் மருந்தும் அடங்கும், குடும்பத்தாருக்கும் சேர்த்து. தம்பியின் சம்பளச் சீட்டில் பத்து ஆண்டுகளாகப் பிடித்தம் நடந்துகொண்டிருந்தும், மனநல மருத்துவருக்கு அதைப் பயன்படுத்தலாம் என்று எங்கள் யாருக்கும் தெரியவில்லை. ரத்தப் பரிசோதனைகளை அதன் வழியாகவே செய்துகொண்டோம். உடல்நிலை மோசமாகித் தொடர்ந்து விடுப்பு எடுக்க நேர்ந்தால், ஈ.எஸ்.ஐ. மருத்துவரின் சான்றோடு ஆண்டுக்கு 91 நாட்கள் வரை சம்பளத்தில் 70 சதவீதம் கிடைக்கும். தீவிர மனநோய்க்கு அதைவிட நீண்ட காலத்துக்கு 80 சதவீதம் தரும் ஏற்பாடும் உண்டு. ஆலையில் வேலை பார்ப்பவர்கள் வீட்டில் இப்படி ஒருவர் இருந்தால், முதலில் அந்த அட்டையைத் தேடி எடுங்கள்.

அரசு மருத்துவமனையில் சிகிச்சையின் உயிர்நாடி மருந்து மட்டுமில்லை, அங்கிருக்கும் சமூகப் பணியாளர்தான். வாரத்தில் இரண்டு நாட்கள் மட்டுமே அவர் இந்தப் பிரிவில் இருக்கிறார். முதல் சந்திப்பில் தம்பியிடம் நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கி வரச் சொன்னார். நான்கு கோடுகள் போட்டுக் கொடுத்தார்: எத்தனை மணிக்குக் குடிக்கத் தோன்றியது, எங்கே இருந்தபோது, யாரோடு, அந்த ஆசை பத்துக்கு எத்தனை. மூன்று வாரம் எழுதிய பிறகு நோட்டைத் திருப்பிப் பார்த்தால், சம்பள நாளும் ஆலையிலிருந்து பேருந்து நிலையம் வரும் அந்த முந்நூறு அடி ரோடும் திரும்பத் திரும்ப வந்திருந்தன. அதற்குப் பிறகு சம்பள நாளில் நான் ஆலை வாசலுக்குப் போனேன்; சம்பளம் வங்கிக் கணக்கில் விழுந்தாலும் ஏ.டி.எம். அட்டை அவன் மனைவியிடம் இருந்தது. ஆலையிலிருந்து வீட்டுக்கு வேறு வழியில், ஒரு கிலோமீட்டர் சுற்றிச் சைக்கிளில் வரத் தொடங்கினான். எங்களுக்கும் தனியாக ஒரு மணி நேரம் ஒதுக்கினார். “கோயில்ல வெச்சு சத்தியம் வாங்காதீங்கம்மா, சத்தியம் ஒடஞ்சா அவரு உங்க மூஞ்சியில முழிக்க மாட்டாரு, எங்ககிட்டயும் வர மாட்டாரு” என்றார். இரண்டு முறை சத்தியம் வாங்கி இரண்டு முறையும் அதுவே நடந்திருந்ததால், அம்மா ஒன்றும் பேசாமல் தலையை மட்டும் ஆட்டினாள்.

ஒரு செய்தியை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. குடிப்பவருக்குத் தெரியாமலே சாப்பாட்டில் கலந்து கொடுத்துக் குடியை மறக்கச் செய்யலாம் என்று சுவரொட்டிகளில் பொடியும் மாத்திரையும் விற்கிறார்கள். என் சித்தி ஒருமுறை வாங்கி வந்து குழம்பில் கலக்கப் பார்த்தார். குடிநோய்க்குத் தரும் மருந்துகளில் டைசல்ஃபிராம் என்று ஒன்று உண்டு. அதைச் சாப்பிட்ட ஒருவர் மது குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி எடுத்து, ரத்த அழுத்தம் சரியும். இதய நோயாளிக்கு உயிரே போகலாம். மருந்தை நிறுத்தி இரண்டு வாரம் ஆன பிறகும் இந்த எதிர்வினை வரக்கூடும். ஆகவே கல்லீரலும் இதயமும் சரியாக இருக்கின்றனவா என்று பார்த்து, நோயாளியிடம் விளக்கி, அவர் மனமொப்பிச் சம்மதித்த பிறகே தர வேண்டிய மருந்து அது. தம்பிக்குக் கல்லீரல் அளவுகள் இறங்கும்வரை மூன்று மாதம் காத்திருந்துதான் தொடங்கினார்கள். தினமும் காலையில் அவனே மாத்திரையை எடுத்து, அம்மாவுக்கு எதிரில் போட்டுக்கொள்வான். மறைத்துக் கலப்பவர்கள் அன்பினால்தான் செய்கிறார்கள். ஆனால் அந்த அன்பு ஆளைக் கொன்றுவிடும்.

மனச்சோர்வை இந்தப் பிரிவு கையாண்ட விதம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. தனியார் மையத்தில் முதல் நாளே மனச்சோர்வு மாத்திரை எழுதிவிட்டார்கள். இங்கே மூன்று வாரம் பொறுத்தார்கள். குடியே மனதைச் சோர்வாக்கும், நிறுத்திய சில வாரங்களில் பலருக்கு அது தானாகத் தெளியும், தெளியாமல் நின்றால் அது தனி நோய், அதற்குத் தனியாக மருந்து வேண்டும் என்று விளக்கினார்கள். தம்பிக்குத் தெளியவில்லை. அப்பா இறந்த ஆண்டிலிருந்தே அது இருந்திருக்கிறது. குடி அதன்மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறது. எஸ்சிடலோபிராம் தொடங்கினார்கள். மருத்துவமனை மருந்தகத்தில் இருப்பு இல்லாத மாதங்களில் மக்கள் மருந்தகத்தில் வாங்கினோம். வெளிக்கடை விலையோடு ஒப்பிட்டால் மிகக் குறைவு.

தீபாவளிக்கு மறுநாள் தம்பி மறுபடி குடித்தான். மூன்று நாட்கள் தொடர்ந்தது. நான்காம் நாள் கூட்டிக்கொண்டு போனபோது, திட்டு விழும் என்று வாசலிலேயே நின்றுவிட்டான். மருத்துவர் பழைய சீட்டைப் புரட்டிப் பார்த்து, “ஏழு மாசம் குடிக்காம இருந்திருக்கீங்க, அது எங்கயும் போயிடல” என்று மட்டும் சொல்லிவிட்டு, கைகளை நீட்டச் சொல்லி நடுக்கத்தைப் பார்த்தார். இதற்கு அவர்கள் வாங்கிய கட்டணம் எதுவும் இல்லை.

குறைகளும் நிறையவே உண்டு. போதை மீட்புப் பிரிவு என்று பெரிய எழுத்தில் பலகை இருக்கும் தாழ்வாரத்திலேயே காத்திருக்க வேண்டும். பெயரைச் சத்தமாகக் கூப்பிடுகிறார்கள். தன்னோடு வேலை பார்ப்பவர் ஒருவரை அங்கே கண்டு தம்பி ஒருமுறை திரும்பி ஓடிவிட்டான். பலகையை மாற்ற முடியாவிட்டாலும் டோக்கன் எண்ணைச் சொல்லிக் கூப்பிடலாம், அதற்குச் செலவில்லை. மருத்துவர்கள் சில மாதங்களுக்கு ஒருமுறை மாறிவிடுகிறார்கள். ஒவ்வொருவரிடமும் கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்கிறது. மருத்துவப் பதிவுகளைக் கேட்டுப் பெறும் உரிமை சட்டத்தில் இருப்பதால், நான் ஒவ்வொரு சீட்டையும் நகல் எடுத்துக் கோப்பில் வைத்திருக்கிறேன். அது பலமுறை உதவியது.

கணக்கைச் சொல்கிறேன். தனியார் மையத்தில் ஏழு வாரங்களுக்கு முன்பணம் 20,000, மருந்தும் பரிசோதனையும் 6,300. மொத்தம் 26,300 ரூபாய். அரசு மருத்துவமனைக்குப் பதினான்கு மாதங்களில் 26 முறை போயிருக்கிறோம். நகரப் பேருந்தில் எனக்கு டிக்கெட் இல்லை. தம்பிக்குப் போகவர 34 வீதம் 884 ரூபாய். வெளியே வாங்கிய மருந்து 1,140. இரவு ஷிப்ட் முடித்துத் தூங்காமல் வந்து நின்ற நாட்கள் 11. மற்ற 15 நாட்களும் சம்பளம் போயிற்று. நாளுக்கு 650 வீதம் 9,750. ஆக மொத்தம் 11,774 ரூபாய். இலவசச் சிகிச்சையின் உண்மையான விலையில் பெரும்பகுதி இழந்த கூலிதான் என்பது இந்தக் கணக்கை எழுதிப் பார்த்த அன்றுதான் எனக்கே விளங்கியது.

எங்கள் மாவட்டத்தில் இல்லாதவர்களுக்காக, எங்கே தொடங்கலாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். 14416 என்ற டெலிமானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் எந்நேரமும் தமிழில் பேசலாம். போதைப் பழக்கத்துக்கென்று 14446 என்ற தேசிய உதவி எண்ணும் உண்டு. இரண்டுக்கும் கட்டணமில்லை. சென்னையில் கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகத்தில் வெளிநோயாளர் பிரிவு இயங்குகிறது. குடியால் கணவரை இழந்த சாந்தி ரங்கநாதன் 1980இல் தொடங்கிய டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆராய்ச்சி அறக்கட்டளை குடிநோய்ச் சிகிச்சைக்கென்றே உருவானது. மனச்சிதைவு நோய் உள்ளவர்களுக்கு, டாக்டர் சாரதா மேனன் 1984இல் நிறுவிய ஸ்கார்ஃப் என்ற தொண்டு நிறுவனம் இருக்கிறது. தமிழக அரசு மருத்துவமனைகளில் 2025 முதல் கலங்கரை என்ற பெயரில் போதை மீட்பு மையங்கள் திறக்கப்பட்டுள்ளன. தனியார் மையம் எதற்குப் போனாலும் மாநில மனநல ஆணையத்தில் பதிவு செய்த சான்றைக் காட்டச் சொல்லுங்கள். பதிவில்லாமல் நடத்துவது சட்டப்படி குற்றம். மருத்துவத்தோடு சேர்த்து, குடியை விட்டவர்களும் விட நினைப்பவர்களும் ஒருவருக்கொருவர் துணையாகக் கூடும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டங்களுக்கும் தம்பி போகிறான். அங்கே கட்டணம் கிடையாது. வருபவர்கள் விரும்பினால் தட்டில் போடுவதை வைத்தே நடத்துகிறார்கள்.

என் மதிப்பீடு இதுதான்: சிகிச்சையின் தரத்துக்கும் நோயாளியை நடத்தும் முறைக்கும் இந்த அரசுப் பிரிவுக்கு ஐந்துக்கு நான்கு தருவேன். ஒன்றைக் குறைப்பது நேரத்துக்காக. வெளிநோயாளர் பிரிவு மதியம் 12 மணிக்கு மூடுகிறது. டாஸ்மாக் கடை அதே 12 மணிக்குத் திறந்து இரவு 10 வரை இருக்கிறது. ஷிப்ட் முடிந்து கை பரபரக்கும் மாலையில், ஆலைத் தொழிலாளிக்குத் திறந்திருக்கும் கதவு ஒன்றுதான். வாரத்தில் ஒரு நாளாவது மாலை 5 முதல் 7 வரை இந்தப் பிரிவைத் திறக்க வேண்டும் என்று மருத்துவமனைக் கண்காணிப்பாளருக்கு மனு எழுதி, தாழ்வாரத்தில் எங்களோடு காத்திருந்த 23 பேரிடம் கையெழுத்து வாங்கிக் கொடுத்திருக்கிறேன். பெயர் வெளியே தெரியுமே என்று முதலில் தயங்கியவர்களும் பேனாவை வாங்கிக்கொண்டார்கள். பத்தாவது கையெழுத்து தம்பியுடையது. மனு கொடுத்து மூன்று மாதம் ஆகிறது, பதிலுக்காகக் காத்திருக்கிறோம்.